வாய் திறப்பதா, பொறுத்துப் போவதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தோழியின் மகள் தனியாக வீட்டுக்கு வந்தாள். 26 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவள். கொடுத்த காபி ஆறிப் போகும்வரை டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். "சித்தி, சொல்லட்டுமா, விட்டுவிடட்டுமா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றாள். நடந்ததை அதற்குப் பிறகுதான் சொன்னாள். துணியின் கனம் பார்க்கும் சாக்கில் மேலாளர் சாம்பிளோடு சேர்த்து அவள் கையையும் பிடிக்கிறார். இரவு பதினொரு மணிக்கு மேல் 'தூங்கிவிட்டாயா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். அடுத்த மாதம், ஆடைகளை வாங்கும் பையரைப் பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டும். நாம் இருவர் மட்டும் போனால் போதும் என்கிறார்.

எனக்கு 23 வயதில் இதே கேள்வி வந்தது. நான் பொறுத்துப் போனவள். பிற்பாடு வேறொரு நிறுவனத்தில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் ஆறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். வாய் திறந்த பெண்களை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்த பிறகும் அவளுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் முன்னால் இருந்த வழிகள் இரண்டு அல்ல என்பதுதான் காரணம். அன்று இரவு பத்தரை மணிவரை உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்துப் பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொறுத்துப் போவது

பொறுத்துப் போவதைக் கோழைத்தனம் என்று மேடையில் சொல்வது எளிது. சம்பளத்தில் பாதி வீட்டுக் கடனுக்குப் போகிறவளிடம், தங்கையின் படிப்புச் செலவைச் சுமப்பவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. நம் ஊரில் புகார் சொன்ன பெண்ணுக்கு முதல் தண்டனை பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வருகிறது. "நாளையிலிருந்து வேலைக்குப் போக வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிடுவார். பெண் பார்க்க வரும் இடத்தில் பேச்சு கிளம்பிவிடும் என்று அம்மா பயப்படுவார். ஆகவே வாயை மூடிக்கொள்ளும் பெண், தவறு செய்தவரைக் காப்பாற்றுகிறாள் என்று நினைப்பது தவறு. அவள் காப்பாற்றுவது தன் வேலையை, தினமும் வெளியே போய்வரும் தன் சுதந்திரத்தை.

இந்த வழியில் கிடைப்பது உண்மையானதுதான். மாதச் சம்பளம் நிற்காது. யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உன் பெயர் யார் வாயிலும் விழாது. சில நேரங்களில் அந்த ஆள் இடம் மாறிப் போய்விடுவதும் உண்டு.

இதற்குக் கொடுக்கும் விலையை நான் என் கதையிலிருந்தே சொல்கிறேன். 1990களின் பிற்பகுதி. கணக்குப் பிரிவில் எனக்கு மேலிருந்தவரின் மேசையைத் தாண்டித்தான் லெட்ஜர் அலமாரிக்குப் போக வேண்டும். நான் மூன்று மேசைகளைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினேன். துப்பட்டாவுக்கு இரண்டு ஊக்குகள் குத்தப் பழகினேன். அவர் மதியம் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அலமாரியைத் திறக்கப் பழகினேன். பதினோரு மாதங்கள் என் மூளையில் பாதி, கணக்கைப் பார்க்காமல் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஜவ்வாது போடுவார். இன்றும் கல்யாண மண்டபத்தில் அந்த வாசனை வந்தால் என் கால் ஓரடி பின்னால் போகிறது.

பிறகு வேலையை விட்டேன். பஸ் தூரம் என்று வீட்டில் சொன்னேன். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு வளைகாப்பில், என் இடத்துக்கு வந்த பெண்ணைச் சந்தித்தேன். அவளும் அந்த வேலையை விட்டிருந்தாள். ஏன் விட்டாய் என்று கேட்டேன். "பஸ் தூரம் அக்கா" என்றாள். நாங்கள் இருவரும் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் வாய் திறந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது சட்டம் இல்லை, எங்கள் அலுவலகத்தில் குழு இல்லை. ஆனால் அவளிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்றைய பெண்ணுக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. எனக்கு இல்லாத ஒரு கெடு அவளுக்கு உண்டு. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதங்கள் தரலாம், அதோடு சரி. கொல்கத்தாவில் ஒரு சட்டப் பல்கலைக்கழக ஆசிரியைக்கு நடந்தது இதுதான். கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரலில் என்று கணக்கிடப்பட்டது. துணைவேந்தர் மீது அவர் புகார் கொடுத்தது அந்த ஆண்டு டிசம்பரில். காலம் கடந்துவிட்டது என்று புகார் தள்ளுபடியானது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனாலும் நீதிபதிகளுக்கு மனம் ஒப்பவில்லை போலும். அந்தத் தீர்ப்பு துணைவேந்தருடைய தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று உத்தரவிட்டார்கள்.

"கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று தள்ளிப் போடும்போது நமக்குத் தெரியாமல் கதவு சாத்திக்கொண்டு வருகிறது. யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வது நியாயம். எத்தனை நாள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு யோசிக்க வேண்டும்.

எழுதி வைத்துக்கொண்டு பொறுத்திருப்பது

இது முன்னதைப் போலத்தான் வெளியே தெரியும். உள்ளே முற்றிலும் வேறு.

எங்கள் குழுவில் விசாரணையின்போது ஒரு பெண் கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்து வைத்தார். தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்தவை. சம்பவம் நடந்த நாள்களின் தாள்களை மட்டும் எடுத்து, பின்பக்கத்தில் நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை, அருகில் யார் இருந்தார்கள் என்று பென்சிலில் எழுதியிருந்தார். அவர் யார், விவகாரம் என்ன என்பதை நான் எங்கும் சொல்ல மாட்டேன். அதைக் காக்கும் கடமையைச் சட்டமே எங்கள் மீது வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தாள்களைப் பார்த்தபோது அறையில் இருந்த அத்தனை பேரின் முகமும் மாறியதை மட்டும் சொல்லலாம். நினைவிலிருந்து பேசுகிறவரை எந்தத் தேதி, எந்த நேரம் என்று குறுக்குக் கேள்வி கேட்டுக் குழப்பிவிட முடியும். அந்தத் தாள்களைக் குழப்ப முடியவில்லை.

ஆகவே புகார் கொடுப்பதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அருவருப்பாக இருக்கும், அழித்துவிடத் தோன்றும். திரைப்பதிவு எடுத்துச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள். வேலை போகும் அன்று அதுவும் கையை விட்டுப் போய்விடும். நம்பிக்கையான ஒருவரிடம் நடந்த அன்றே சொல்லுங்கள், முடிந்தால் செய்தியாக அனுப்புங்கள். "அன்றைக்கே என்னிடம் சொன்னாள்" என்று ஒருவர் வந்து சொல்வதற்குக் குழு முன் நல்ல எடை உண்டு.

இதற்கு ஆகும் செலவு ஒரு பென்சில். நான் ஒப்பிட்ட அத்தனை வழிகளிலும் எல்லோருக்கும் தயங்காமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

அவரிடமே சொல்வது

நேரே முகத்துக்கு முகம் சொல்லிவிடு என்று மூத்தவர்கள் அறிவுரை சொல்வார்கள். சில ஆட்கள் ஒரு சொல்லில் அடங்கிவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் உன் வேலை மதிப்பீட்டை எழுதும் கை அவருடையது என்றால், தனியறையில் வாயால் சொல்வதால் உனக்கு லாபம் குறைவு. அவர் அதை வேறு விதமாகத் திருப்பிப் பேசுவார், சாட்சி கிடையாது.

எழுத்தில் ஒரே வரி போதும். "இரவில் வேலை அல்லாத செய்திகள் அனுப்ப வேண்டாம் சார். எனக்கு விருப்பமில்லை." கோபம் வேண்டாம், விளக்கம் வேண்டாம். சட்டத்தின் விளக்கத்தில் மையமான சொல் 'விரும்பத்தகாத' என்பது. செய்தவரின் நோக்கம் என்ன என்பதைவிட, அந்தப் பெண் அதை எப்படி உணர்ந்தாள் என்பதே முக்கியம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு வழக்கில் தெளிவாகவே சொன்னது. விருப்பமில்லை என்று முன்பே சொல்லாவிட்டால் புகார் செல்லாது என்பதில்லை. சொல்லியிருந்தால் அவர் பிறகு "அவளும் சிரித்துத்தானே பேசினாள்" என்று ஆரம்பிக்க முடியாது.

வேலையை விட்டுவிடுவதும் ஒரு வழி. அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, நான் செய்தது அதுதான். ஒன்று மட்டும்: வேலையில் 5 ஆண்டுகள் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தால் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) கணக்குப் பார்த்துவிட்டு விடுங்கள். அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வேலையை விட்ட பிறகும், அந்த 3 மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

விசாகா கமிட்டி

உள்ளகப் புகார்க் குழு என்பது சட்டப் பெயர். நம் அலுவலகங்களில் இன்னும் விசாகா கமிட்டி என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ராஜஸ்தானின் பன்வாரி தேவி இருக்கிறார். அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தவர். ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். ஊரே எதிர்த்து நின்றபோதும் அவர் வாய் திறந்தார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவருக்கு நீதி கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தையொட்டி விசாகா முதலான பெண்கள் அமைப்புகள் தொடுத்த பொதுநல வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகள் வந்தன. அதிலிருந்து 2013இன் சட்டம் வந்தது. வாய் திறப்பதை எடைபோடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும். சொல்பவளுக்கு வர வேண்டியது பல நேரம் இன்னொருத்திக்குப் போய்ச் சேர்கிறது. தன் பங்கு குறைவாக இருக்கலாம் என்று தெரிந்தே வா என்று ஒரு பெண்ணிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை. அவள் தானாக முன்வந்தால் தலை வணங்கலாம்.

குழு என்ன தரும்? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் அது இருந்தே ஆக வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். ஒருவர் வெளியாளாக, பெண்கள் நலனில் ஈடுபட்ட அமைப்பைச் சேர்ந்தவராகவோ இந்த விவகாரங்களை அறிந்தவராகவோ இருக்க வேண்டும். விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். அறிக்கை வந்த பின் 60 நாள்களுக்குள் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். வக்கீல் யாருக்கும் கிடையாது. அதுவே நம் பெண்களுக்கு ஒரு நிம்மதி. கோர்ட் படி ஏறும் பயம் இல்லை.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. விசாரணை நடக்கும்போதே இடைக்கால நிவாரணம் கேட்கலாம். அவரையோ உன்னையோ வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லலாம்; 3 மாதம் வரை விடுப்பு கேட்கலாம், அது உன் கணக்கில் உள்ள விடுப்பில் கழியாது. உன் வேலை மதிப்பீட்டை அவர் எழுதக் கூடாது என்றும் குழு பரிந்துரைக்கலாம். இவை தானாக வராது. எழுத்தில் கேட்க வேண்டும். நான் இருந்த ஆறு ஆண்டுகளில் ஒருவர்தான் கேட்டார். மற்றவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எங்களில் யாராவது முதல் நாளே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் நாங்கள் சொல்லவில்லை. அந்தக் குறை இன்னும் என்னை உறுத்துகிறது.

இன்னொரு பயம், பொய்ப் புகார் என்று திருப்பி அடிப்பார்களோ என்பது. வேண்டுமென்றே பொய் சொன்னதாகவோ போலி ஆவணம் கொடுத்ததாகவோ விசாரித்து நிறுவினால்தான் நடவடிக்கை. நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. இதை அச்சிட்டு ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும்.

ஒட்டுவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் தண்ணீர் கேன் வைக்கும் மூலையில், கதவு திறந்தால் மறைந்துவிடும் சுவரில் ஒட்டியிருந்தது. தலைவர் என்று போட்டிருந்தவர் வேலையை விட்டுப்போய் ஒன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அலுவலகத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரச்சினை என்றால் அவள் முதலில் எந்த எண்ணை அழைப்பாள்? குழு அமைக்காத நிறுவனத்துக்குச் சட்டத்தில் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பேருக்கு அமைத்த குழுவுக்கு என்ன செய்வது?

அதனால் புகார் கொடுக்கும் முன் உங்கள் குழுவை எடைபோடுங்கள். வெளி உறுப்பினர் யார் என்று பாருங்கள். அவர் நிர்வாகத்துக்கு வேண்டியவரா, சுயமாகப் பேசக்கூடியவரா என்று விசாரியுங்கள். தலைவராக இருப்பவர், நீங்கள் யார் மீது புகார் சொல்கிறீர்களோ அவருக்குக் கீழே வேலை செய்பவரா என்றும் பாருங்கள். என் அனுபவத்தில் முடிவை நிர்ணயித்தது சட்டப் புத்தகத்தைவிட இந்த இருவரின் முதுகெலும்புதான். குழுவை நம்பித்தான் புகார் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. முடிவு திருப்தியில்லை என்றால் 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் குழுவில் கொடுத்த அந்த முதல் தாள்தான் அடிப்படை.

சமரசம் என்ற ஒரு பாதையும் சட்டத்தில் இருக்கிறது. புகார் கொடுத்த பெண் தானே கேட்டால் மட்டும். பணம் கொடுத்து முடிப்பது சமரசத்தின் அடிப்படையாக இருக்கக் கூடாது. யாராவது "அவர் பிள்ளைக்குட்டிக்காரர் அம்மா, மன்னிப்புக் கேட்கச் சொல்கிறோம்" என்று அந்தப் பேச்சை முதலில் எடுத்தால், அந்த நொடியே அது சட்டம் சொல்லும் சமரசம் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆட்சியர் அலுவலகம், காவல் நிலையம்

நான்கு பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடை, இரண்டு உதவியாளர்கள் உள்ள கிளினிக், வீட்டு வேலை. இங்கெல்லாம் குழு ஏது? தொல்லை கொடுப்பவர் முதலாளியே என்றால் அவர் அமைத்த குழுவிடம் போய் என்ன பயன்? இவர்களுக்காகத்தான் ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல மாவட்டங்களில் அது காகிதத்தில்கூட இல்லாமல் இருந்ததால் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கெடு வைத்து அமைக்கச் சொல்ல வேண்டி வந்தது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்தும் வழி கேட்கலாம். அந்தக் குழுவுக்கென்று ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவுக்குக் கையொப்பமிட்ட ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.

காவல் நிலையம் வேறு கணக்கு. உடலைத் தொட்டது, பாலியல் இணக்கம் கேட்டது, ஆபாசப் படம் காட்டியது ஆகியவை புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆவது பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். குழு அதிகபட்சம் ஒருவரின் வேலையைப் பறிக்கப் பரிந்துரைக்கலாம். சிறைக்கு அனுப்ப முடியாது. ஆகவே பலாத்காரம், தாக்குதல், மிரட்டல் என்று போனால் குழுவோடு நிற்காதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம்.

இங்கே எடை மாறுவது காலத்தில். பஞ்சாபில் மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ், மாநிலக் காவல் துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் மீது புகார் சொன்னது 1988இல். தண்டனை விதிக்கப்பட்டது 1996இல். உச்ச நீதிமன்றம் அதை இறுதியாக உறுதி செய்தபோது 2005 ஆகிவிட்டது. பதினேழு ஆண்டுகள். நம் மாநிலத்தில் 2021இல் ஒரு பெண் எஸ்.பி. தன் மேலதிகாரியான சிறப்பு டி.ஜி.பி. மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பியபோது, வழியிலேயே அவரைத் தடுத்து நிறுத்தப் பார்த்தார்கள். காக்கிச் சட்டை அணிந்த, ஒரு மாவட்டத்தையே நிர்வகித்த அதிகாரிக்கு அந்த நிலை. அவர் பின்வாங்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த மேலதிகாரிக்கு 3 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. இந்த வழக்கை இரண்டு விதமாகவும் படிக்கலாம். அவருக்கே இப்படி என்றால் நமக்கு எப்படி என்று ஒரு பெண் கேட்பதில் நியாயம் இருக்கிறது. டி.ஜி.பி.யையே கூண்டில் ஏற்ற முடிந்தது என்பதும் நடந்த உண்மை.

ஊரறியச் சொல்வது

முகநூலிலோ எக்ஸ் தளத்திலோ எழுதிவிடுவது வேகமான வழி. ஒரே இரவில் ஆயிரம் பேர் உன் பக்கம் நிற்பார்கள். மறுநாள் காலை அவதூறு நோட்டீஸ் வரும்போது அந்த ஆயிரத்தில் எத்தனை பேர் வக்கீல் கட்டணத்துக்கு உதவுவார்கள் என்று யோசிக்க வேண்டும். பத்திரிகையாளர் பிரியா ரமணி, தன்னிடம் முறைகேடாக நடந்தவர் என்று 2018இல் பெயர் சொல்லி எழுதியதற்காக அப்போதைய மத்திய இணை அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த குற்றவியல் அவதூறு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சந்தித்தார். 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்து, பல பத்தாண்டுகள் கழித்தும் தான் விரும்பும் எந்த மேடையிலும் தன் குறையைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்றது. மகத்தான தீர்ப்பு. அதே 2018இல் நம் திரையுலகில் வாய் திறந்த பாடகி சின்மயி, சில வாரங்களிலேயே டப்பிங் சங்க உறுப்பினர் தகுதியை இழந்தார். சந்தா கட்டவில்லை என்று சங்கம் காரணம் சொன்னது.

3 மாதக் கெடு முடிந்துவிட்டவர்களுக்கு, குழுவே இல்லாத துறைகளில் இருப்பவர்களுக்குச் சில நேரம் இது ஒன்றுதான் மிச்சம். ஆனால் முறையான புகாரும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அதைக் கொடுங்கள். விசாரணை விவரங்களை வெளியிடச் சட்டத்தில் தடை இருக்கிறது. பின்னர் அதையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள்.

கூடச் சேர்ந்து சொல்வது

தனியாளாகப் புகார் கொடுப்பதையும் நான்கு பேர் சேர்ந்து கொடுப்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அந்தப் பெண் ஏற்கெனவே தொல்லைக்கு உள்ளாகியிருந்ததாகக் குடும்பமும் சக தொழிலாளிகளும் சொன்னார்கள். அவர் உறுப்பினராக இருந்த, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. உற்பத்தி நிறுவனமும் துணி வாங்கும் பன்னாட்டு பிராண்டுகளும் அதில் கட்டுப்பட்டன. 25 தொழிலாளிகளுக்கு ஒருவர் வீதம் தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். தையல் மிஷினில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடமே குறையைச் சொல்ல முடிந்தது. அவளுக்கு அதை மேலே கொண்டுபோகும் அதிகாரம் இருந்தது. ஒரு பெண்ணின் உயிர் போன பிறகுதான் இது வந்தது என்பதை எழுதும்போது கை நடுங்குகிறது.

இந்த இடத்தில் சக ஊழியர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவள் பொறுத்துப் போவதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம், அத்தனையையும் நான் ஏற்கிறேன். பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு அந்த நூறு கிடையாது. லெட்ஜர் அலமாரிக்கு நான் சுற்றிப் போனதை அந்த அறையில் ஆறு பேர் பார்த்தார்கள். ஒருவர், ஒரே ஒருவர், "ஏன் அம்மா இப்படிச் சுற்றிப் போகிறாய்?" என்று கேட்டிருந்தால் போதும்.

அன்று இரவு இதையெல்லாம் பேசி முடித்த பிறகும் தோழியின் மகள் முடிவு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசியாக அவள் கையைத் தொட்டது எந்தத் தேதி என்று மட்டும் கேட்டேன். கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்து விரலால் நகர்த்திப் பார்த்தாள். 34 நாள்கள் ஆகியிருந்தன. சென்னைப் பயணத்துக்கு இன்னொருவரும் வர வேண்டும் என்று மேலாளருக்கும் ஹெச்.ஆர். பிரிவுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் எழுதலாமா என்று கேட்டாள். எழுதினோம். அவள் வாசகங்களே, நான் ஒரு கால்புள்ளி மட்டும் சேர்த்தேன்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "சித்தி, எனக்கு முன்னால் அந்த சீட்டில் ஒரு அக்கா இருந்தார். திடீரென்று வேலையை விட்டுவிட்டார். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது" என்றாள்.

"ஏன் விட்டார் என்று தெரியுமா?"

"வீடு தூரம் என்று சொன்னாராம்."

படிக்கட்டில் உட்கார்ந்தே அந்த எண்ணை அழைத்தாள்.